மாஸ்டா மியாட்டா: வேகமும் ஆர்.பி.எம்மும் கணக்குக்குள் வராதபோது எங்கே தேடுவது

டாப் கியரில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்.பி.எம்.) சுற்றும் என்பதை எஞ்சின் தீர்மானிப்பதில்லை. கியர் விகிதம், டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு நடுவே இருந்து விசையை அவற்றுக்குப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) விகிதம், டயர் சுற்றளவு ஆகிய மூன்று எண்கள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. கிளட்ச் வழுக்காதவரை இந்தக் கணக்கு பிசகவே பிசகாது. பிசகியதுபோலத் தெரிந்தால், மூன்றில் ஒரு எண் நாம் நினைத்தது அல்ல, அல்லது பார்க்கும் மீட்டர் பொய் சொல்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டாவின் முதல் இரு தலைமுறைகள்: 1989-இல் வந்த என்.ஏ., அதற்குப் பின் 2005 வரை ஓடிய என்.பி. கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இந்த அளவுக்கு மாற்றி மாற்றிப் பொருத்தும் ஸ்போர்ட்ஸ் கார் வேறு குறைவு. அதனால் குழப்பங்களும் இங்கேதான் அதிகம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்

ஐந்து கியர் பெட்டி: 3.136, 1.888, 1.330, 1.000, 0.814.
ஆறு கியர் பெட்டி: 3.760, 2.269, 1.645, 1.257, 1.000, 0.843.
டிஃபரன்ஷியல்: அமெரிக்காவில் விற்ற 1.6 லிட்டர் என்.ஏ.வில் 4.30, 1994 முதல் 1997 வரையிலான 1.8-இல் 4.10, என்.பி. ஐந்து கியரில் மறுபடி 4.30, 2001-க்குப் பின் வந்த ஆறு கியரில் 3.909. ஐரோப்பாவில் விற்ற ஆறு கியர் வண்டிகள் சிலவற்றில் 3.636. நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் வண்டியின் வருடத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

கணக்கு இதுதான்: வேகத்தை (மணிக்கு கி.மீ.) கியர் விகிதத்தாலும் டிஃபரன்ஷியல் விகிதத்தாலும் 16.67-ஆலும் பெருக்கி, டயர் சுற்றளவால் (மீட்டரில்) வகுக்க வேண்டும். 185/60 ஆர்14 டயரின் விட்டம் 578 மி.மீ. அதை 3.14-ஆல் பெருக்கக்கூடாது. பாரத்தில் ரேடியல் டயர் தரையில் கொஞ்சம் அமுங்கி உருளும் என்பதால் 3.05-ஆல் பெருக்கினால்தான் நிஜத்துக்கு நெருங்கும்: 1.76 மீட்டர். சந்தேகமிருந்தால் டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஓட்டுநர் உட்கார்ந்திருக்க, வண்டியை ஐந்து சுற்று தள்ளி அளந்து ஐந்தால் வகுத்துவிடலாம்.

அந்தச் சுற்றளவுக்கு, நிஜமான 100 கி.மீ. வேகத்தில், டாப் கியரில் வர வேண்டிய ஆர்.பி.எம்.:

ஐந்து கியர் + 4.30: 3315
ஐந்து கியர் + 4.10: 3160
ஐந்து கியர் + 3.909: 3013
ஐந்து கியர் + 3.636: 2803
ஆறு கியர் + 4.30: 3433
ஆறு கியர் + 3.909: 3121
ஆறு கியர் + 3.636: 2903

அறிகுறி: டிஃபரன்ஷியலை மாற்றியும், 100-இல் ஆர்.பி.எம். மாறவே இல்லை

இது அடிக்கடி வரும் புகார். 4.10-ஐக் கழற்றி 3.636 போட்டாயிற்று, நெடுஞ்சாலையில் முள் 100-ஐத் தொடும்போது டாக்கோமீட்டர் (எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர்) பழையபடி 3160-இலேயே நிற்கிறது. ஏமாற்றிவிட்டார்கள், பழைய கிரவுன்-பினியனையே (டிஃபரன்ஷியல் விகிதத்தைத் தரும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) திருப்பிப் பூட்டிவிட்டார்கள் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை.

இந்த வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் வேகத்தைப் பார்ப்பதில்லை. கியர்பாக்ஸின் வெளிவரும் ஷாஃப்டிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் வழியாக அளவெடுக்கிறது. அதாவது அளவெடுக்கும் இடம் டிஃபரன்ஷியலுக்கு முன்னால். டாக்கோமீட்டர் கியர்பாக்ஸுக்கு முன்னால், ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸுக்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவே இருப்பது கியர்பாக்ஸ் மட்டுமே. பின்னால் எந்த டிஃபரன்ஷியலைப் பூட்டினாலும், ஒரே கியரில் இந்த இரண்டு முள்களின் உறவு மாறவே மாறாது. மாறியிருப்பது வண்டியின் உண்மையான வேகம்: மீட்டர் 100 காட்டும்போது வண்டி 112.8-இல் போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே முதல் சோதனைக்கு மொபைல் ஜி.பி.எஸ். போதும். சமதளமான நேர்ச்சாலையில் ஜி.பி.எஸ். 100 காட்டும்போது வேகத்தை அரை நிமிடம் மாறாமல் பிடித்து, பக்கத்தில் இருப்பவரை டாக்கோமீட்டரைப் படிக்கச் சொல்ல வேண்டும். மேலே உள்ள எண்களில் எதற்கு நெருக்கமோ அதுவே வண்டியில் இருக்கும் டிஃபரன்ஷியல். டாக்கோமீட்டரையும் ஸ்பீடோமீட்டரையும் ஒப்பிட்டால் எந்தக் கியர்பாக்ஸ் என்பது தெரியும், டாக்கோமீட்டரையும் ஜி.பி.எஸ்.ஸையும் ஒப்பிட்டால்தான் டிஃபரன்ஷியலும் டயரும் பேசும். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. 4.10-க்கும் 4.30-க்கும் இருக்கும் வித்தியாசம் 155 ஆர்.பி.எம். மட்டும். முப்பது வருடப் பழைய டாக்கோமீட்டரின் முள் அந்த அளவு தவறாக நிற்கக்கூடியதுதான். டயர் வேறு குழப்பும்: ட்ரெட் 6 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 12 மி.மீ. குறையும், அதுவே 2 சதவீதம், கிட்டத்தட்ட 65 ஆர்.பி.எம். என்.பி.யில் ஓ.பி.டி. ஸ்கேனரை (வண்டியின் கணினியோடு பேசும் சோதனைக் கருவி) மாட்டி எஞ்சின் வேகத்தை நேரடியாகப் படிக்கலாம். அதற்கும் மேல் உறுதி வேண்டுமென்றால் கையால் எண்ணிவிடுவதே மேல்.

கையால் எண்ணுவது: ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களில் வேலை செய்வதால் அதை விடுவித்தாக வேண்டும். அதற்கு முன் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றிவிட வேண்டும். ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக்கூடாது. கியர் நியூட்ரலில். புரொப்பெல்லர் ஷாஃப்டில் (கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் தண்டு) ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. ஒரு சக்கரத்தைச் சுற்றும்போது மற்றது எதிர்த்திசையில் சுற்றினால், ஒன்றை ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றதை 20 சுற்று சுற்ற வேண்டும். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து சுற்றினால் (விஸ்கஸ், அல்லது இறுக்கமான எல்.எஸ்.டி., அதாவது ஒரு சக்கரம் மட்டும் தனியே சுற்றுவதைத் தடுக்கும் டிஃபரன்ஷியல்) 10 சுற்று போதும். ஷாஃப்ட் 41 சுற்றினால் 4.10, 43 சுற்றினால் 4.30, 39-ஐ ஒட்டி நின்றால் 3.909, 36-ஐத் தாண்டி மேலும் மூன்றில் ஒரு பங்கு போனால் 3.636. சக்கரத்தை ஒரே ஒரு சுற்று சுற்றி "நாலும் சொச்சமும்" என்று எண்ணுவது பயன்படாது. 4.1-ஐயும் 4.3-ஐயும் அதில் பிரிக்க முடியாது.

டிஃபரன்ஷியலைத் திறந்து பார்க்க நேர்ந்தால் பல் எண்ணிக்கையே சொல்லிவிடும்: 41க்கு 10, 43க்கு 10, 43க்கு 11, 40க்கு 11.

அறிகுறி: மாற்றிய பின் ஸ்பீடோமீட்டர் குறைவாக (அல்லது கூடுதலாக) காட்டுகிறது

காரணம் மேலே சொன்னதேதான். 4.30-இலிருந்து 4.10-க்குப் போனால் மீட்டர் 100 காட்டும்போது பழைய கணக்குக்கு 104.9-இல் போகிறோம். மறுபக்கம் மாற்றினால் 95.3. ஓடோமீட்டரும் அதே விகிதத்தில் தப்பாக ஓடும். ஐ.நா. வாகன விதி எண் 39-இன்படி ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூடுதலாக 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் காட்டலாம். அதனால் விகிதத்தைக் குறைத்தவர்கள் இதைத் தள்ளிப்போடக்கூடாது. அபராதச் சீட்டு வீடு தேடி வரும்.

சரிசெய்ய, கியர்பாக்ஸில் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். பழையதன் பல்லை எண்ணி, புதிய விகிதத்தால் பெருக்கி, பழைய விகிதத்தால் வகுக்க வேண்டும். 21 பல் இருந்து 4.30-இலிருந்து 4.10-க்குப் போனால் 20.02, ஆக 20 பல். அதே 21 பல்லுக்கு 3.909 என்றால் 19. 3.636-க்குக் கணக்கு 17.76 என்று நடுவில் நிற்கும். 18 பல் போட்டால் ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமான பிழையோடு முடிந்துவிடும். கழற்றும்போது கொஞ்சம் கியர் ஆயில் வழியும், கீழே தட்டு வைக்கவும். ஓ-ரிங்கைப் புதிதாகப் போடவும். பல் பொருந்தாமல் திணிக்கவே கூடாது. ஒரு பல் உடைந்தால் முள் ஒவ்வொரு சுற்றுக்கும் துள்ளும்.

அறிகுறி: ஆறு கியர் பெட்டி போட்டேன், நெடுஞ்சாலையில் சத்தம் குறையவில்லை

குறையாது. ஆறாவது கியர் என்றாலே ஓய்வாக ஓடும் கியர் என்ற எண்ணம் இந்தப் பெட்டிக்குப் பொருந்தாது. ஐந்து கியரின் ஐந்தாவது 0.814, ஆறு கியரின் ஆறாவது 0.843. ஆறாவதுதான் குட்டை, அதாவது அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்ற வேண்டும். 4.10 வைத்திருந்த வண்டியில் பெட்டியை மட்டும் மாற்றினால் 100-இல் 3160 இருந்தது 3273 ஆகும், சத்தம் கூடும். மாஸ்டா 3.909-ஐச் சேர்த்துக் கொடுத்தது இதைச் சமன் செய்யத்தான். அப்படிச் சேர்த்தும் 3121. ஐந்து கியர் + 4.10-உடன் ஒப்பிட்டால் 39 ஆர்.பி.எம்.தான் லாபம். காதுக்கே தெரியாது.

நெடுஞ்சாலை அமைதிதான் குறிக்கோள் என்றால் ஆறு கியருக்குச் செலவழிக்காமல், இருக்கும் ஐந்து கியருக்கே 3.909 அல்லது 3.636 போடுவது மலிவு. ஆனால் 4.10-ஐ எடுத்துவிட்டு 3.636 போட்டால் முதல் கியரின் மொத்த விகிதம் (கியர் × டிஃபரன்ஷியல்) 12.86-இலிருந்து 11.40-க்கு இறங்கும். மேட்டில் கிளம்பும்போது ஹாஃப் கிளட்சில் அதிக நேரம் நிற்க வேண்டிவரும். கிளட்ச் தட்டு அதற்கு விலை கொடுக்கும். நகரத்துக்குள் அதிகம் ஓடும் 1.6-க்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

அறிகுறி: முதல் கியர் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது

ஆறு கியர் பெட்டியும் 4.30-உம் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். ஐந்து கியர் என்.பி.யில் பெட்டியை மட்டும் மாற்றியவர்களுக்கு இதுதான் நடக்கும். முதல் கியரின் மொத்த விகிதம் 3.760 × 4.30 = 16.17. 7000 ஆர்.பி.எம்.மில் 46 கி.மீ.கூட எட்டாது. டயர் வழுக்கும், உடனே கியர் மாற்ற வேண்டும், அதற்குள் நேரம் போய்விடும். மருந்து 3.909 அல்லது 3.636. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடி, முதல் கியரைப் புறப்பட மட்டுமே பயன்படுத்துபவர்கள் அப்படியே விட்டுவிடலாம்.

அறிகுறி: கியர் மாற்றியதும் எஞ்சின் அமுங்குகிறது, பிக்கப் செத்துவிடுகிறது

இதற்காக டிஃபரன்ஷியலை வாங்குகிறவர்கள் ஏராளம். வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கியர் மாற்றும்போது ஆர்.பி.எம். எவ்வளவு விழும் என்பது அடுத்தடுத்த இரண்டு கியர் விகிதங்களைப் பொறுத்தது மட்டுமே. அதில் டிஃபரன்ஷியலுக்கு இடமே இல்லை.

ஐந்து கியரில் 7000-இல் மாற்றினால்: முதலிலிருந்து இரண்டுக்கு 4214, இரண்டிலிருந்து மூன்றுக்கு 4931, மூன்றிலிருந்து நான்குக்கு 5263, நான்கிலிருந்து ஐந்துக்கு 5698. 4.10 ஆனாலும் 4.778 ஆனாலும் இதே எண்கள்தான். 1.6 எஞ்சினின் உச்ச டார்க் (முறுக்கு விசை) 5500-இல், உச்ச குதிரைத்திறன் 6500-இல். ஆகவே 5500-இலேயே கியர் மாற்றும் பழக்கமிருந்தால் இரண்டிலிருந்து மூன்றுக்கு 3875-இல் விழுந்து எஞ்சின் மூச்சுவிடாமல் நிற்கும். முதல் மருந்து இன்னும் 1000 ஆர்.பி.எம். மேலே போய் மாற்றுவது, அதற்குச் செலவில்லை. விழுகிற இடைவெளியே சுருங்க வேண்டும் என்றால் அது ஆறு கியர் பெட்டியால்தான் ஆகும்: இரண்டிலிருந்து மூன்றுக்கு 5075, மூன்றிலிருந்து நான்குக்கு 5349. முதலிலிருந்து இரண்டுக்கு மட்டும் 4224, அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

டிஃபரன்ஷியல் செய்வது வேறு. 4.10-இலிருந்து 4.30-க்குப் போனால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தில் இழுவை 4.9 சதவீதம் கூடும். ஒரு டன்னை ஒட்டிய வண்டியில் ஏறத்தாழ 50 கிலோவை இறக்கி வைத்ததுபோல. பதிலுக்கு ஒவ்வொரு கியரும் சீக்கிரம் முடியும். 7000-இல் இரண்டாவது கியர் 4.10-க்கு 95.5 கி.மீ., 4.30-க்கு 91. ஆட்டோகிராஸ் (கூம்புகள் வைத்த தடத்தில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) தடம் 90-ஐத் தாண்டாது என்றால் 4.30 லாபம். 93, 94 வரை போகும் தடம் என்றால் நடுவில் ஒருமுறை மூன்றுக்குப் போய்த் திரும்ப வேண்டிவரும், கிடைத்த 4.9 சதவீதம் அங்கேயே கரைந்துவிடும். எந்தத் தடத்தில் எந்த உச்ச வேகம் என்று தெரியாமல் விகிதம் தேர்ந்தெடுப்பது வீண்செலவு.

அறிகுறி: மிதித்தால் ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

விகிதத்தின் வேலை அல்ல. கிளட்ச் வழுக்குகிறது. உறுதி செய்ய, நான்காவது கியரில் 60 கி.மீ. வேகத்தில் இருந்து முழுதாக மிதிக்கவும். ஐந்து கியர் + 4.10 வண்டியில் 60-க்கு 2330. அதிலிருந்து ஒவ்வொரு 10 கி.மீ.க்கும் 390 ஏற வேண்டும், 80-இல் 3100. வேகம் 62-இல் இருக்கும்போதே முள் 3000-க்குத் தாவினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஏன் முதல் கியரில் தெரியாமல் மேல் கியரில் தெரிகிறது? முதல் கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றேறுகிறது. டார்க்கில் ஒரு பங்கு ஃப்ளைவீலைச் சுழற்றவே போய்விடுகிறது, கிளட்சுக்கு வருவது குறைவு. நான்காவதில் சுற்று மெதுவாக ஏறுகிறது, ஏறத்தாழ முழு டார்க்கும் கிளட்ச் வழியே, நீண்ட நேரம் போகிறது. தேய்ந்த தட்டு அங்கேதான் காட்டிக்கொடுக்கும். தட்டை மாற்றும்போது எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையும் பார்த்துவிட வேண்டும். எண்ணெய் பட்டு வழுக்கிய தட்டுக்குப் பதில் புதியது போட்டு, கசிவை விட்டுவைத்தால் மறுபடியும் அதே கதை.

அறிகுறி: டிஃபரன்ஷியல் மாற்றிய பின் ஊளைச் சத்தம்

முதலில் சத்தம் எங்கிருந்து என்று பிரிக்க வேண்டும். ஐந்து கியர் பெட்டியில் நான்காவது நேரடி கியர் (1.000), விசை உள்ளிருக்கும் லேஷாஃப்ட் (துணைத் தண்டு) பற்கள் வழியே போவதில்லை. மூன்றிலும் ஐந்திலும் ஊளையிட்டு நான்கில் அடங்கினால் கியர்பாக்ஸ். எல்லாக் கியரிலும் ஒரே வேகத்தில் அதே சுருதியில் கேட்டால் டிஃபரன்ஷியல். ஆறு கியரில் இந்தச் சோதனையை ஐந்தாவதில் செய்யவும்.

முழு யூனிட்டாக மாற்றியிருந்தால் முதல் சந்தேகம் ஆயில். 1.6-இன் சிறிய டிஃபரன்ஷியலுக்கு 0.65 லிட்டர், 1.8-இன் பெரியதற்கு 1 லிட்டர், ஜி.எல்-5 தரம். 1.6-இன் பழக்கத்தில் பெரியதற்கும் 0.65 ஊற்றி ஓட்டினால் கெட்டுவிடும். அளவு எப்போதும் நிரப்பும் துளையின் விளிம்பு வரை. நிரப்பும் பிளக்கைக் கழற்ற முடிகிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் பிளக்கைத் தொட வேண்டும்.

அடுத்து, கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் அலுமினியச் சட்டம். டிஃபரன்ஷியலை இறக்கும்போது கியர்பாக்ஸின் வால் பகுதிக்கு முட்டுக் கொடுக்காவிட்டால் அது கீழே தொங்கும். தொங்கிய நிலையிலேயே சட்டத்தை இறுக்கினால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் தவறி, 90-100 கி.மீ.க்கு மேல் அதிர்வும் முனகலும் வரும். இதைப் பலர் கிரவுன்-பினியன் சத்தம் என்று நினைத்து மறுபடி பிரிக்கிறார்கள்.

கிரவுன்-பினியனை மட்டும் மாற்றியிருந்தால் அமைப்பில்தான் கோளாறு. இரண்டும் தொழிற்சாலையில் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றின் கிரவுனும் மற்றொன்றின் பினியனும் சேராது. பேக்லாஷ் (பற்களுக்கு இடையேயான தளர்வு) டயல் கேஜில் 0.1 மி.மீ.யை ஒட்டி, கிரவுனைச் சுற்றி நான்கு இடங்களில் அளந்து பார்க்க வேண்டும். பிறகு பற்களில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பதிவைப் பார்க்க வேண்டும். பதிவு பல்லின் அடிப்பக்கம் ஒதுங்கினால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, அதன் தலைக்கடியில் உள்ள ஷிம்மை (இடைவெளியை நிர்ணயிக்கும் வளையத் தகடு) மெலிதாக்கவும். நுனிப்பக்கம் ஒதுங்கினால் தடித்த ஷிம். பினியன் நட்டை இறுக்கும்போது நசுங்கி அமரும் ஸ்லீவ் ஒருமுறைப் பொருள். குறித்த ப்ரீலோடை (பேரிங்குகளுக்குக் கொடுக்கும் முன்-இறுக்கம்) தாண்டி இறுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்க முடியாது, புதிய ஸ்லீவ் போட்டு மறுபடி தொடங்க வேண்டும். புதிய ஜோடியை முதல் சில நாட்கள் 15-20 நிமிடம் ஓட்டி ஆறவிட்டு ஓட்டவும்; 800 கி.மீ.யில் ஆயிலை மாற்றவும்.

1.6 வண்டிக்கு 1.8-இன் டிஃபரன்ஷியல் போடுபவர்கள்

சிறிய டிஃபரன்ஷியலின் கிரவுன் 6 அங்குலம், பெரியது 7. உள்ளே எதுவும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 1.8-இலிருந்து டிஃபரன்ஷியலுடன் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் இரண்டு ஆக்ஸில்களையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஷாஃப்டின் ஃப்ளாஞ்ச் வேறு. டர்போ போட்ட 1.6-களில் சிறிய டிஃபரன்ஷியல் உடைவது புதிதல்ல, அதனால் இந்த மாற்றம் பெரும்பாலும் விகிதத்துக்காக நடப்பதில்லை, பலத்துக்காக. ஆனால் விகிதமும் கூடவே 4.30-இலிருந்து 4.10 ஆகிவிடும். "வண்டி கொஞ்சம் மந்தமாகிவிட்டது" என்ற புகார் வந்தால் அதுதான் அந்த 4.7 சதவீதம்.

புதிய கார்களில் இதே சோதனை தலைகீழ்

டொயோட்டா 86 போன்றவற்றில் வேகம் ஏ.பி.எஸ். சக்கர சென்சார்களிலிருந்து வருகிறது. அங்கே டிஃபரன்ஷியலை மாற்றினால் ஸ்பீடோமீட்டர் சரியாகவே இருக்கும், டாக்கோமீட்டர் மாறும். டயர் அளவை மாற்றினால்தான் வேகம் தப்பும். அந்த வண்டியின் மேனுவல் வகையில் 4.10 இருந்தது, 2017 மாடலில் 4.30 ஆனது. ஆறாவது 0.767, 215/45 ஆர்17 டயருடன் 100-இல் முன்னதற்கு 2750-ஐயும் பின்னதற்கு 2880-ஐயும் ஒட்டி நிற்க வேண்டும். பயன்படுத்திய வண்டி வாங்கும்போது எது உள்ளே இருக்கிறது என்று பார்க்க இங்கே ஜி.பி.எஸ். கூடத் தேவையில்லை, நிறுவனம் கொடுத்த டயரே இருந்தால் டேஷ்போர்டில் உள்ள இரண்டு எண்களே போதும். மீட்டர் வழக்கமாகக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதை மட்டும் கழித்துக்கொள்ளவும்.